காசிமேட்டுக் கரையில் கிடக்கும் மலை

ஐயா, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் டேலி கிளார்க் வேலை. பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் மோதும்போது பாறை அடுக்குகள் மடிந்து மலையாகின்றன என்று பாடத்தில் வருகிறது. புரியவைக்கலாம் என்று ஈரத்துண்டை மேசைமேல் விரித்து இரண்டு பக்கமும் தள்ளிக் காட்டினேன். அழகாக மடிந்தது. "துண்டு மடியும்ப்பா, கல்லு எப்படி மடியும்? உடைஞ்சிடாதா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகங்கள் வந்துவிட்டன. அவ்வளவு கனமான மலை ஏன் பூமிக்குள் அமுங்கவில்லை? இமயமலை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஐந்து கோடி வருஷமாக வளர்கிறதென்றால் கணக்குப்படி 500 கிலோமீட்டர் உயரம் இருக்க வேண்டுமே! அப்புறம், நேரில் காட்டலாமென்றால் எங்கள் பக்கம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு மேடுகூடக் கிடையாது. பரங்கிமலைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். உங்களால் விளக்க முடியுமா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

துண்டு வைத்துக் காட்டியதில் உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹால் இருநூறு வருடங்களுக்கு முன் இதையேதான் செய்தார். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் பலகை வைத்து நெருக்கினார். 1815-இல் அது அச்சிலும் வந்தது. ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒன்றை அவர் செய்திருந்தார். துணி அடுக்கின்மேல் ஒரு கதவைக் கிடத்தி, அதன்மேல் பாரம் ஏற்றியிருந்தார். உங்கள் பெண்ணின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கதவில் இருக்கிறது.

தரைமட்டத்தில் கல் மடியாது, உடையும். அவள் சொன்னது சரி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால் கதை மாறுகிறது. மேலே உள்ள பாறையின் பாரம் எல்லாப் பக்கமும் இறுக்குவதால் விரிசல் விழுந்தாலும் திறக்க இடமில்லை. வெப்பமும் ஏறிக்கொண்டே போகும், கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை. 300 டிகிரியைத் தாண்டியதும் பாறையில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் மணிகள் உருகாமலே, திடமாக இருந்தபடியே, மெல்ல உருமாறத் தொடங்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்துக்கு இன்னும் நூறு, நூற்றைம்பது டிகிரி வேண்டும். இதோடு அவகாசமும் வேண்டும். ரோட்டோரத்தில் சாய்ந்து கிடக்கும் தார் டிரம்மைப் பாருங்கள். அதில் கட்டியாக இருப்பதைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். அப்படியே விட்டுவைத்தால் நாளடைவில் தானாக வழிந்து தரையில் பரவும். பொருள் ஒன்றுதான், வேகம்தான் வேறு. ஆழத்துப் பாறைக்கு லட்சக்கணக்கான வருட அவகாசம் கிடைக்கிறது, அதனால் மடிகிறது.

ஆகவே கீழே மடியும், மேலே உடையும். பாடப்புத்தகத்தின் "மடிப்பு மலை" என்ற பெயரில் எனக்குள்ள மனக்குறை, இந்த இரண்டாவது பாதியை அது மறைத்துவிடுகிறது என்பதுதான். மலைத்தொடரைக் கட்டி எழுப்புவதில் உடைசலுக்குத்தான் பெரிய பங்கு. அதைக் காட்டத் துண்டு உதவாது, மணல் உதவும். ஹென்றி கேடல் என்பவர் 1880களின் கடைசியில் ஸ்காட்லாந்தில் பெட்டிக்குள் மணல் அடுக்குகளை வைத்துத் தள்ளிக் காட்டினார். நிலவியல் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதேதான் நடக்கிறது. வீட்டிலும் செய்யலாம்.

கொளத்தூரில் இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும்படி ஒரு பலகையை, அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து அறுக்கச் சொல்லி, ஓரங்களில் ஜன்னலுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டுங்கள். பட்டை இல்லாவிட்டால் மணல் பலகைக்குப் பின்னால் ஒழுகி, தள்ளுவது வீணாகும். மணல் ஏழு கிலோ போதும், இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சரியாக வரும். கடல் மணலை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து மணிகளை ஒட்டவைத்துவிடும். ஒட்டிய மணல் சரியாமல் செங்குத்தாக வெடிக்கும். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, மொட்டைமாடியில் ஒரு முழுநாள் வெயிலில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும்போது கையால் தட்டிச் சமன் செய்யக் கூடாது. தட்டிய இடம் இறுகி, தட்டாத இடம் இளகி, பிளவு கண்ட இடத்தில் விழும். ஒரு சாண் உயரத்திலிருந்து சல்லடையாலேயே தூவுங்கள். அரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை கலர் கோலப்பொடியைக் கோடு தெரிகிற அளவுக்கு மட்டும் தூவுங்கள். கனமாகப் போட்டால் அது தன் பங்குக்குக் கட்டியாகி உடையும்.

இப்போது ஒரு ஓரத்திலிருந்து பலகையை மெதுவாக, கோணாமல் தள்ளுங்கள். முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, மணல் இறுகிக்கொண்டிருக்கும். திடீரென்று பலகைக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் மணற்பரப்பில் ஒரு வரப்பு எழும்பும். கண்ணாடி வழியாகப் பார்த்தால், பலகையின் அடியிலிருந்து அந்த வரப்பு வரை கோலப்பொடிக் கோடுகள் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். சாய்வு 30 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பிளவுக்கு மேலே உள்ள துண்டு கீழே உள்ளதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கீழே இருந்த பழைய அடுக்கு, மேலே இருந்த புதிய அடுக்கின் தலையில்! இப்படி ஏறும் பிளவைத்தான் திரஸ்ட் என்கிறோம். இன்னும் தள்ளினால் அந்தப் பிளவு ஓய்ந்துபோய், அதற்கு முன்னால் புதிதாக ஒன்று விழும். பழையது புதியதன் முதுகில் சவாரி செய்யும். பதினைந்து சென்டிமீட்டர் தள்ளுவதற்குள் மூன்று நான்கு விழுந்து, கூரையில் ஓடு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும்.

கண்ணாடியை ஒட்டி மணல் உரசுவதால் அங்கே பிளவு பின்னோக்கி வளைந்து தெரியும். நிஜ வடிவம் நடுவில்தான் இருக்கும். தள்ளி முடித்ததும் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்து, மணல் முழுக்க ஊறியபின், ஒரு தகட்டால் கேக் வெட்டுவதுபோல் நடுவில் வெட்டிப் பாருங்கள்.

தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியில் சுமார் ஒரு கிலோமீட்டர். இமயமலை இதே வரிசையில்தான் கட்டப்பட்டது. வடக்கே உயர்ந்த சிகரங்களின் அடியில் உள்ள பெரிய திரஸ்ட் பழையது, இரண்டு கோடி வருடங்களுக்கு முன் மும்முரமாக இருந்தது. அதற்குத் தெற்கே சிறு மலைகளின் விளிம்பில் ஓடுவது பிந்தியது. எல்லாவற்றிலும் இளையது கங்கைச் சமவெளி தொடங்கும் இடத்தில் தரையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. மூன்றும் அடியில் ஒரே தளத்தில் போய்ச் சேர்கின்றன, உங்கள் தொட்டியின் அடிக்கண்ணாடி மாதிரி. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அந்த அடித்தளம் வழுக்கியதால் வந்தது. அன்று காத்மாண்டு ஒன்றரை மீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கே இருந்த பெரிய மலைகளோ தாழ்ந்தன. வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் இந்த இறக்கம் வருவதில்லை.

அடித்தளத்தின் உரசலும் மலையின் சாய்வைத் தீர்மானிக்கும். வெறும் கண்ணாடியில் ஒருமுறையும், அடியில் உப்புத்தாள் ஒட்டி ஒருமுறையும் செய்து பாருங்கள். உப்புத்தாளில் குவியல் குறுகலாகவும் செங்குத்தாகவும் எழும்பும், கண்ணாடியில் அகலமாகவும் தாழ்வாகவும் பரவும். வேடிக்கை என்னவென்றால், நிஜ உப்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். பாகிஸ்தானில் உப்பு மலைத்தொடர் இருக்கும் பகுதியில், பாறை அடுக்குகளுக்கு அடியில் பழைய உப்புப் படுகை ஒன்று வழுவழுவென்று கிடக்கிறது. அதன்மேல் வழுக்கி வந்ததால் அங்கே இமயத்தின் முன்பகுதி கிட்டத்தட்டச் சமதளமாகத் தெற்கே நெடுந்தூரம் நீண்டுவிட்டது.

500 கிலோமீட்டர் கணக்குக்கு வருவோம். தொட்டியில் ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டர் தள்ளியதும் பலகையருகே உயரத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் விறுவிறுவென ஏறும், பிறகு சோம்பும். பதினைந்து சென்டிமீட்டர் தள்ளியபின் இரண்டரை என்பது ஐந்து ஆறு ஆகியிருக்கும். குவியல் அதே சாய்வைக் காத்துக்கொண்டு முன்னாலும் அகல வேண்டியிருப்பதால், எழும்பிய உயரம் இருமடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு தள்ள வேண்டும். இந்தியத் தட்டு இன்று ஆசியாவை நோக்கி வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது. அதில் இரண்டு சென்டிமீட்டரை இமயமலை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவும் பக்கவாட்டுத் தள்ளல். அதில் சிறு பங்குதான் உயரமாகிறது.

அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதி கீழே போய்விடுகிறது. இதை மட்டும் தொட்டி காட்டாது, ஏனென்றால் அதன் அடிக்கண்ணாடி அமுங்காது. பூமி அமுங்கும். "மலை ஏன் அமுங்கவில்லை" என்று கேட்டீர்கள். அமுங்கிய பிறகு மிச்சம் நிற்பதைத்தான் மலை என்கிறோம்.

இது தெரியவந்ததில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியிருந்தது. கலியாணா, கலியாண்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை நிலத்தில் அளந்ததற்கும் நட்சத்திரம் பார்த்துக் கணித்ததற்கும் 5.236 விகலை (ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை) வித்தியாசம் வந்தது. தரையில் அது சுமார் 160 மீட்டர். நட்சத்திரம் பார்க்கும்போது செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை மலை தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கொல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட் கணக்குப் போட்டார். விடை 15.885 விகலை வந்தது. அதாவது, இவ்வளவு பெரிய மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1855-இல் அதற்குச் சொன்ன விளக்கம் காசிமேட்டில் உடனே எடுபடும். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் எது மற்றவற்றைவிட மேலே உயர்ந்து தெரிகிறதோ, அது அடியிலும் அதிக ஆழம் இறங்கியிருக்கும் என்றார். மலைக்கு அடியில், மேண்டில் என்ற கனமான கீழ் அடுக்குக்குள், லேசான மேலோட்டுப் பாறை வேர்விட்டிருக்கிறது. அதனால்தான் இழுவிசை குறைந்தது.

எவ்வளவு வேர்? அடர்த்தியை வைத்துச் சொல்லிவிடலாம். தண்ணீரை 1 என்று வைத்தால் மேலோட்டுப் பாறை 2.75, மேண்டில் 3.3. வித்தியாசம் 0.55. 2.75-ஐ 0.55-ஆல் வகுத்தால் 5. ஒரு கிலோமீட்டர் வெளியே தெரிய ஐந்து கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரம் ஐந்து கிலோமீட்டர். அப்படியானால் வேர் 25, உயரத்தோடு சேர்த்து முப்பது. வழக்கமான 35, 40 கிலோமீட்டர் மேலோட்டோடு இந்த முப்பதையும் கூட்டினால் 65, 70 வருகிறது. நிலநடுக்க அலைகளை வைத்து அங்கே அளந்ததும் அதே அளவுதான். மேலோடு அதற்குமேல் தடித்தால் அடிப்பகுதி சூட்டில் இளகி, பாரம் தாங்காமல் பக்கவாட்டில் பரவத் தொடங்கும். திபெத் இன்று கிழக்கு மேற்காக விரிந்துகொண்டிருக்கிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அரிப்பின் கதை. கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் டிராஃப்ட் எண்களை நீங்கள் தினமும் பார்ப்பவர். சரக்கு இறங்க இறங்க மூழ்கியிருந்த எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மலையும் அப்படித்தான். ஆறுகள் ஒரு கிலோமீட்டர் பாறையைச் சுரண்டி எடுத்தால், மலையின் உயரம் ஒரு கிலோமீட்டர் குறையாது. வேர் மேலெழும்பி ஆறில் ஐந்து பங்கை ஈடுசெய்துவிடும். ஐந்து கிலோமீட்டர் உயர மலையைத் தரைமட்டமாக்க முப்பது கிலோமீட்டர் பாறையை அள்ளிக்கொண்டு போக வேண்டும். இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அள்ளி வந்தது வங்காள விரிகுடாவின் ஆழ்கடல் அடியில் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படிந்திருக்கிறது. வடகோடியில் அதன் கனம் 16 கிலோமீட்டருக்கும் மேல். உங்கள் ஏரியா விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போனால், அவற்றின் அடியில் சில கிலோமீட்டர் தண்ணீருக்குக் கீழே கிடப்பது இமயமலையின் தூள்.

கடைசியாக, உங்கள் பக்கம் மலையே இல்லை என்ற விஷயம். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும், கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும் இருக்கின்றனவே! துறைமுகம் கட்டியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கி மெரினா அகன்றது. உங்கள் கரை கரைந்தது, அதற்கு ஈடாகக் கல் வந்தது. சென்னையைச் சுற்றியுள்ள குவாரிகளில் வெட்டும் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருந்த கல் இந்த வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார்.

புதிதாக உடைந்த முகத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். சாதாரண கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இதில் எண்ணெய் தடவினாற்போல் பச்சை கலந்த கருமை தெரியும், குவார்ட்ஸில்கூட நீலம் ஓடும். வெயில் மழை பட்ட வெளித்தோல் மட்டும் தேன் நிறத்தில் துருவேறியிருக்கும். சார்னோகைட்டின் அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். இந்தப் பாறையில் அது இருக்கிறதென்றால், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திலும் வெந்த பாறை என்று பொருள். சென்னைப் பகுதியில் அது நடந்து 250 கோடி வருடங்கள் ஆகின்றன. மேலே இருந்த 20 கிலோமீட்டரும் அரித்துப்போனதால்தான் அது குவாரிக்காரர் கைக்கு எட்டுகிறது. அவ்வளவு போயும் நம் காலடியில் மேலோடு இன்னும் 35, 40 கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. கூட்டினால் அறுபதைத் தொடுகிறது, ஏறக்குறைய திபெத்தின் கனம். அடியிலிருந்து பின்னால் சேர்ந்த எரிகுழம்புக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றாலும், இங்கே ஒரு பெரிய மலைத்தொடர் நின்றது என்பதற்கு அதன் அடிப்பாகமே சாட்சி. பரங்கிமலையில் ஏறி நின்றாலும் அந்த அடிப்பாகத்தின்மேல்தான் நிற்பீர்கள். மலையின் தலை என்றோ போய்விட்டது.

மேலே போட்ட கணக்கில் 2.75 எங்கிருந்து வந்தது என்று உங்கள் பெண் கேட்பாள். அரைக் கிலோ அளவுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, மீன் எடைபோடும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். பிறகு பக்கெட் தண்ணீரில், அடியிலும் ஓரத்திலும் படாமல், முழுக்க மூழ்கவைத்துப் பாருங்கள். 550 கிராம் கல் தண்ணீரில் 350 காட்டினால், குறைந்த 200-ஆல் 550-ஐ வகுக்க வேண்டும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறையும், முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள். கல்லுக்காகத் தூண்டில் வளைவின்மேல் ஏறி உடைக்கப் போகாதீர்கள், பாசி வழுக்கும். தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் ஒன்றரை இஞ்ச் ஜல்லிக் குவியல் இருந்தால் பெரிய துண்டாக ஐந்தாறு பொறுக்கி ஒரு வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டாலும் போதும்.